‘எதிர்ப்பு இல்லை’ என்ற சீட்டில் எழுதப்படாத மூன்று மருந்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் குறித்துத் தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகளை நோயாளிகள் பாதியில் நிறுத்திவிடுவதே கிருமி வீரியம் பெறுவதற்குக் காரணம் என்பது அச்செய்தியின் சாரம். முப்பத்தோர் ஆண்டுகள் சளிப் பரிசோதனை செய்து 2020இல் ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்றும், சொல்லாமல் விடப்பட்ட மறுபாதியே முக்கியமானது என்றும் கருதுகிறேன்.

அந்தச் செய்தித்தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண். ஒருகாலத்தில் அவருடைய சளியை நான் சோதித்திருக்கிறேன். “இதுல சொல்லியிருக்கிறது என்னையுங்களா?” என்று அவர் கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதை அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தையே தங்கள் வாசகர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிச் சில்லில் சளியைப் பூசிக் காயவிட்டு, கார்பால் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் ஆவி எழும் வரை சூடு காட்டி, சற்றுப் பொறுத்துக் கழுவி, 25 சதவீதக் கந்தக அமிலத்தால் நிறத்தை நீக்கி, கடைசியில் மெத்திலீன் நீலத்தை இட்டுப் பார்த்தால், மற்றவையெல்லாம் நீலமாகிவிட, அமிலத்துக்கும் சாயம் விடாத காசநோய்க் கிருமி மட்டும் சின்னஞ்சிறு சிவப்புக் குச்சியாக நிற்கும். எண்ணெய் லென்ஸில் ஒரு பார்வைப் பரப்புக்குப் பத்துக் குச்சிகளுக்கு மேல் இருந்தால் ‘மூன்று பிளஸ்’, நூறு பரப்புகளைத் தேடியும் ஒன்பதுக்குள்தான் அகப்பட்டால் ‘ஸ்கேன்ட்டி’ என்று எழுதுவோம். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் அந்தச் சோதனையில் ஒன்றாவது கண்ணில் படும். அப்படிக் கண்ணில் படும் குச்சிகளில் மருந்துக்குச் சாகக்கூடியது எது, சாகாதது எது என்று எவராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சிவப்பு. என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில், அந்தச் சிவப்பை மட்டும் நம்பியே சேலம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மருந்துப் பெட்டி எடுத்துக் கொடுக்கப்பட்டது.

கிருமிகளோ ஒன்றல்ல. ராபர்ட் காக் இக்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தது 1882 மார்ச் 24. அதன் மரபணுத்தொகுதி முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது 1998இல்தான். எச்37ஆர்வி என்ற ஆய்வக இரகத்தை ஸ்டீவர்ட் கோல் குழுவினர் படித்தபோது, அதில் 44 லட்சத்துச் சொச்சம் எழுத்துகளும் (மரபுச் செய்தியின் மிகச் சிறிய அலகைத்தான் எழுத்து என்கிறேன்) ஏறத்தாழ நாலாயிரம் மரபணுக்களும் இருந்தன. அதன் பிறகு உலகெங்கும் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமிகளை ஒப்பிட்டு, அவற்றை மரபுக் கிளைகளாகப் பிரித்தார்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளில் மிகுந்திருப்பது முதற்கிளை. கிழக்காசியாவில் பரவி, பெய்ஜிங் இரகம் என்று பெயர் பெற்றது இரண்டாவது. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் காணப்படுவது மூன்றாவது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளையும் பிடித்திருப்பது நான்காவது. ஐந்தும் ஆறும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியவை, மற்றவை அபூர்வம். தமிழ்நாட்டு நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படுவது முதற்கிளை. கிளைக்கும் கிளைக்கும் உள்ள வேறுபாடு, 44 லட்சம் எழுத்துகளில் ஓரிரண்டாயிரம் எழுத்துகள் மட்டுமே. மற்ற பல பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் இது அற்ப வேறுபாடு. ஆனாலும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அற்பமல்ல.

தென்னிந்தியக் கிருமி தனிப்போக்கு உடையது என்பது மரபணுவைப் படிக்கும் காலத்துக்கு வெகு முன்பே தெரிந்த செய்தி. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. வீட்டிலிருந்தபடி மருந்து உண்பவரும் சானடோரியத்தில் படுத்திருப்பவரும் ஒன்றுபோலவே குணமடைகிறார்கள் என்று 1959இல் அது வெளியிட்ட முடிவுதான், பெருந்துறைக்கும் தாம்பரத்துக்கும் மாதக்கணக்கில் போய்க் கிடக்க வேண்டிய நிலையிலிருந்து நம் பாட்டன்மாரை விடுவித்தது. அதே காலத்தில், சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் பல, இங்கிலாந்து நோயாளிகளின் கிருமிகள் அளவுக்குக் கினியா எலிகளைத் தாக்கவில்லை என்பதும் பதிவாயிற்று. பின்னர் 1990களில், யாரிடமிருந்து யாருக்கு நோய் பரவியது என்பதைக் கண்டறிய மேலைநாடுகளில் ஐ.எஸ்.6110 என்ற மரபுத்துண்டின் பிரதிகளைக் கைரேகை போலப் பயன்படுத்தினார்கள். அங்குள்ள கிருமிகளில் அத்துண்டு பல இடங்களில் இருக்கும். இங்கோ, கணிசமான கிருமிகளில் ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு ரேகை பார்க்க முடியுமா? அயலூர் அளவில் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாமல் போனது அதுவே முதல் முறை என்றும் சொல்ல முடியாது.

இனி, மருந்து எதிர்ப்பு எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். வயிற்றுப்போக்குக் கிருமிகள் சிலவற்றைப் போல எதிர்ப்புத் திறனைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து கடன் வாங்கும் பழக்கம் காசநோய்க் கிருமிக்கு இல்லை. இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை அளவில் அது மெல்ல இரண்டாகப் பிரியும்போது, 44 லட்சம் எழுத்துகளைப் படியெடுப்பதில் எங்கோ ஓர் எழுத்து பிசகுகிறது. அந்தப் பிசகு, மருந்து வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் நேர்ந்துவிட்டால், அந்த மருந்து அக்கிருமிக்குப் பலிக்காது. இது மருந்தைப் பார்த்து அஞ்சிக் கிருமி செய்யும் உபாயமன்று; மருந்து உடலுக்குள் வருவதற்கு முன்பே தற்செயலாக நடந்து முடிந்திருக்கும் ஒன்று. காசநோயின் முக்கியமான இரு மருந்துகளை எடுத்துக்கொண்டால், ஐசோனியசிடுக்குக் கட்டுப்படாத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்றாகவும், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாதது 10 கோடியில் ஒன்றாகவும் தானே தோன்றுகிறது. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் 10 கோடிக் கிருமிகள் இருப்பது அதிசயமன்று. அப்படியானால், அவர் முதல் மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே ஐசோனியசிடுக்கு மசியாத நூறு கிருமிகளும், ரிஃபாம்பிசினுக்கு மசியாத ஒன்றும் அவருடைய நெஞ்சுக்குள் இருக்கக்கூடும். இரண்டுக்குமே மசியாத ஒன்று தற்செயலாகத் தோன்ற வேண்டுமானால் கோடியைக் கோடியால் பெருக்கிய தொகையளவு கிருமிகள் வேண்டும். அத்தனை எந்த நெஞ்சிலும் இராது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

தனி மருந்து என்ன செய்யும் என்பதை 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வே காட்டிவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேரும், படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். அந்த வெற்றி நிலைக்கவில்லை. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோரின் கிருமிகள் சில மாதங்களிலேயே மருந்தை எதிர்த்து நின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு தரப்புக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிற்று. அவர்கள் ஊசியைப் பாதியில் நிறுத்தியதால் நேர்ந்ததன்று அது.

மேலே சொன்ன பெண்ணின் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. 2018ஆம் ஆண்டு கடைசியில், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், இரண்டு மாத இருமலோடும் சாயங்காலக் காய்ச்சலோடும் மலையிலிருந்து இறங்கி வந்தார். வயது இருபத்தைந்துக்குள். சளி ‘இரண்டு பிளஸ்’. மாதிரியை, கிருமியின் மரபணுவைத் தேடிப் படிக்கும் சி.பி.நாட் கருவியில் இட்டதும் இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உள்ளது என்று முடிவு வந்தது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்த ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாள் மாத்திரையை விட்டே?” என்பது. “டி.பி. மாத்திரை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க” என்றார் அந்தப் பெண். அவர் சொன்னது உண்மை. அவருடைய பெயரில் முன்பு எந்தச் சிகிச்சை அட்டையும் இல்லை. இருந்தும் நான்கு மாதங்களுக்கு மேல் நாள்தோறும் ஊசி, கைநிறைய மாத்திரை, காதில் இரைச்சல், ‘ஒழுங்காகச் சாப்பிடாதவள்’ என்ற பட்டம் ஆகிய எல்லாவற்றையும் அவர்தான் சுமந்தார்.

அவரைப் போன்றவர்கள் விதிவிலக்கல்லர். 2014 முதல் 2016 வரை நாடு முழுவதும் 5,280 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட தேசிய மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில், அதுவரை காசநோய் மருந்தையே உண்ணாத புதிய நோயாளிகளில் 2.84 சதவீதத்தினரிடம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கட்டுப்படாத, அதாவது பன்மருந்து எதிர்ப்பு உடைய, கிருமி இருந்தது. முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம் அது 11.60 சதவீதம். ஏதேனும் ஒரு மருந்தையாவது எதிர்க்கும் கிருமி புதியவர்களில் 22.54 சதவீதத்தினரிடம் இருந்தது. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் விகிதம் கூடுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் கண்டறியப்படுவோரில் பெரும்பான்மையினர் புதியவர்கள் ஆதலால், சிறிய சதவீதமும் பெருந்தொகை ஆகிவிடுகிறது. ஒரு மாத்திரையைக்கூட விட வாய்ப்பில்லாதவர்களிடம் எதிர்ப்புக் கிருமி இருக்கிறதென்றால், அது அவர்களுடைய உடலில் விளைந்ததன்று. இன்னொருவர் இருமிய காற்றில் வந்து சேர்ந்தது.

அந்த இன்னொருவர் யார்? அந்தப் பெண்ணின் தாய்மாமன் வெளியூர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அட்டையைப் பிற்பாடு ஒருநாள் குடும்பத்தார் எடுத்துவந்து காட்டினார்கள். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்த அந்த அட்டையில், வாரம் மூன்று நாள் மருந்து கொடுக்கப்பட்ட அக்காலத்தின் கட்டங்கள் ஒன்றுவிடாமல் குறியிடப்பட்டிருந்தன. ஒரு வேளை மருந்தும் தவறவில்லை. ஆறு மாதம் முடித்தும் நோய் திரும்பியது; இரண்டாம் முறை சிகிச்சை தொடங்கியது; அதையும் முடித்து, அதன் பின் அடுத்த ஆண்டே இறந்தார்.

என்ன நடந்திருக்கக்கூடும் என்று சளிப் பரிசோதனைக்காரனான எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அன்றைய முறைப்படி முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும் மட்டும். ஒருவரிடம் தொடக்கத்திலேயே ஐசோனியசிடை எதிர்க்கும் கிருமி இருந்திருந்தால், பின்னைய நான்கு மாதமும் அவர் உண்பது பெயரளவில் இரண்டு மருந்து; உண்மையில் ரிஃபாம்பிசின் மட்டுமே. தனி மருந்தின் விளைவை 1948லேயே பார்த்துவிட்டோம். பிறகு, நோய் திரும்பியவர்களுக்கென்று இருந்த ‘இரண்டாம் வகை’ச் சிகிச்சையில் பழைய நான்கு மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஒன்றை மட்டும் சேர்த்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையில் ஒற்றை மருந்தைக் கூட்டாதே என்பது காசநோய் மருத்துவத்தில் முதலில் சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்துக்கு நேர்மாறான அந்த முறை உலகின் பல நாடுகளில் பல்லாண்டுகள் விதியாகவே இருந்து, அதை இனிப் பின்பற்ற வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017இல்தான் சொன்னது. வாரம் மூன்று நாள் முறை மாறி நாள்தோறும் மருந்து என்பதும், பின்னைய நான்கு மாதத்திலும் எத்தாம்பியூட்டாலைத் தொடர்வது என்பதும் நம் நாடு முழுவதும் வந்ததும் அந்த ஆண்டை ஒட்டியே. தாய்மாமன் மாத்திரையை விடவில்லை. மாத்திரைதான் அவரைக் கைவிட்டது.

அவரிடமிருந்துதான் மருமகளுக்கு வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதைச் சொல்லக்கூடிய சாட்சி அவருடைய கிருமி ஒன்றுதான்; அதை யாரும் வளர்த்தும் வைக்கவில்லை, படித்தும் வைக்கவில்லை. படித்திருந்தால் சொல்லியிருக்கலாம். இக்கிருமியின் மரபணுத்தொகுதியில் ஆண்டுக்கு அரை எழுத்துக்கும் குறைவாகவே மாற்றம் நிகழ்கிறது. எனவே இருவருடைய கிருமிகளை முழுவதுமாகப் படித்து ஒப்பிடும்போது, வேறுபாடு ஐந்து எழுத்துகளுக்குள் இருந்தால் அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கோ, இருவருக்கும் பொதுவான மூன்றாமவரிடமிருந்தோ பரவியிருக்கலாம் என்றும், பன்னிரண்டைத் தாண்டினால் அண்மைத் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் கொள்வது இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த வழக்கம். ஒரே தறிக்கூடம், ஒரே தோட்டத்து லயன் வீடுகள், ஒரே வெள்ளிப்பட்டறை என்று நெருங்கி வாழும் சேலத்து மக்களிடம் எதிர்ப்புக் கிருமி எங்கே உற்பத்தியாகி எந்த வழியாக நடக்கிறது என்பதை, அட்டையில் விடுபட்ட கட்டங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த எழுத்துகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது, இக்கடிதத்துக்குத் தலைப்பாக நான் இட்ட சீட்டுக்கு வருகிறேன். சி.பி.நாட், நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் ஆகிய கருவிகள் காசநோய்க் கண்டறிதலில் பெரும் பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் முறையில் ஆறு, எட்டு வாரம் காத்திருந்த முடிவை அவை மணிக்கணக்கில் தருகின்றன. ஆனால் அவை வழக்கமாகப் படிப்பது ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியை மட்டுமே. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பகுதியில்தான் பிசகு நேர்ந்திருக்கும் என்பதால் அந்தத் தேர்வு சரியானதே. இக்கட்டு என்னவென்றால், சீட்டில் ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை’ என்று வருவதை, நோயாளி மட்டுமல்ல, சில வேளைகளில் மருந்து கொடுப்பவரும் ‘எதிர்ப்பு இல்லை’ என்று படித்துவிடுகிறார். நான்கு மருந்துகளில் ஒன்றைப் பற்றி மட்டுமே அந்தச் சீட்டு பேசுகிறது. மேலே சொன்ன கணக்கெடுப்பில் ஐசோனியசிடை எதிர்க்கும் கிருமி புதிய நோயாளிகளில் 11.06 சதவீதத்தினரிடமும் பழையவர்களில் 25.09 சதவீதத்தினரிடமும் இருந்தது. ரிஃபாம்பிசினுக்கு மசிந்து ஐசோனியசிடுக்கு மசியாதவர்களுக்கு என்றே லீவோஃப்ளாக்சசினைச் சேர்த்த வேறொரு ஆறு மாதச் சிகிச்சை நம் வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது. அதைப் பெற வேண்டியவர், தனக்கு எதிர்ப்பு இல்லை என்ற நம்பிக்கையோடு சாதாரணப் பெட்டியை வாங்கிப் போனால், தாய்மாமனின் வழியில் முதலடி வைக்கிறார்.

ஐசோனியசிடிலும் எல்லா எதிர்ப்பும் ஒன்றல்ல. கேட்ஜி என்ற மரபணுவின் 315ஆம் இடத்தில் நேரும் மாற்றம் அம்மருந்தை ஏறத்தாழ முழுவதுமாகச் செயலிழக்கச் செய்கிறது. ஏனெனில் ஐசோனியசிட் உண்மையில் ஒரு மூடிய பொட்டலம், அதைப் பிரித்து மருந்தாக்கும் வேலையைக் கிருமியின் அந்த மரபணு உண்டாக்கும் நொதிதான் செய்கிறது. பிரிக்கும் கை முடங்கினால் பொட்டலம் பொட்டலமாகவே கிடக்கும். ஐ.என்.எச்.ஏ. என்ற மரபணுவுக்கு முன்னுள்ள தொடக்கப் பகுதியில் நேரும் மாற்றமோ மிதமான எதிர்ப்பையே தருகிறது. அங்கே மருந்தின் அளவைக் கூட்டினால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்து உதவாமல் போகும். இந்த இரண்டாவது வகை மாற்றம் மற்றக் கிளைகளைவிட முதற்கிளைக் கிருமிகளில், அதாவது நம் பக்கத்துக் கிருமிகளில், கூடுதலாகக் காணப்படுகிறது. ஆக, சேலத்து நோயாளிக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதோடு, எந்த வகை எதிர்ப்பு என்பதும் தெரிந்தாக வேண்டும். மரபணு மாற்றங்களை ஒரு பட்டையில் கோடுகளாகக் காட்டும் எல்.பி.ஏ. என்னும் பட்டைச் சோதனை அதைச் சொல்லிவிடும்.

அந்தச் சோதனை விதியில் இல்லாமலில்லை. இரண்டாவது சளி மாதிரியை அதற்காகவே எடுத்து அனுப்ப வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நடைமுறைதான். அதைச் சொல்வது எளிது. மலைக்கிராமத்தில் விடியற்காலையில் எடுத்த சளி, ஃபால்கன் குழாயில் மூடி இறுக்கி, ஐஸ் பொதியோடு பெட்டியில் வைத்து, தார்ச்சாலை வரை நடந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி, சேலம் வந்து, அங்கிருந்து சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். குழாயில் வருவது பல நேரங்களில் எச்சிலாகவே இருக்கும். இரண்டாம் முறை சளி கொடுக்க இறங்கி வருபவருக்கு ஒருநாள் கூலி போகும். காப்பி பறிக்கும் மார்கழியில் அந்த ஒருநாள் கூலி சிறிய தொகையல்ல. அதோடு, பட்டைச் சோதனையை நேரடியாகச் செய்யச் சளியில் கிருமி போதுமான அளவில் இருக்க வேண்டும். குறைவாக இருப்பவர்களுடைய மாதிரியை முதலில் வளர்த்தெடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அவர் இரண்டு மாத மருந்தை முடித்திருப்பார். என் பணிக்காலத்தில் ‘முடிவு வரவில்லை’ என்ற குறிப்போடு மூடப்பட்ட பதிவேட்டு வரிகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதை வேறு எவர்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை.

கருவி மட்டும் போதுமா என்றால், தென்னாப்பிரிக்காவை ஒட்டிய எஸ்வாட்டினி என்ற சிறு நாட்டின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. 2009இல் அங்கு எடுத்த கணக்கெடுப்பின் பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளை மறுபடி ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கான மாற்றம் அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே இருந்தது. கருவி அவற்றை ‘எதிர்ப்பு இல்லை’ என்றே சொல்லும். பிசகிய எழுத்து, கருவி பார்க்கும் சாளரத்துக்கு வெளியே நின்றுகொண்டது. நோயாளிகளுக்குத் தவறான மருந்து போகப் போக, அந்த இரகம் மட்டும் தடையின்றிப் பெருகியது. சேலத்திலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்க் கிருமியை நாமே படிக்காத வரை, சாளரத்துக்கு வெளியே என்ன நிற்கிறது என்று தெரியாமல்தான் இருப்போம். எந்த எழுத்து மாற்றம் எந்த மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட பட்டியல் 38,000க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது; 2023இல் அது 52,000ஐத் தாண்டியது. அப்பட்டியலில் எந்த ஊர்க் கிருமிகள் எவ்வளவு இடம்பெறுகின்றனவோ, அவ்வளவுக்குத்தான் அந்த ஊருக்கு அது பயன்படும்.

புதிய மருந்துகளிலும் இதே கதை தொடங்கிவிட்டது. பெடாக்குவிலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சைக்கு 2024இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஊசியும் காது இரைச்சலும் இல்லாத அந்தச் சிகிச்சை, அந்தப் பெண் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த எனக்கு மனநிறைவு தரும் செய்தி. எனினும், பிரெட்டோமனிடைத் தாங்கும் ஆற்றல் முதற்கிளைக் கிருமிகளுக்குச் சற்றுக் கூடுதல் என ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதனால் சிகிச்சை தோற்கும் என்பது பொருளன்று. கண்காணித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பதே பொருள். மாக்சிஃப்ளாக்சசின் பற்றிய கவலை வேறு. அதன் உறவுக்கார மருந்தான லீவோஃப்ளாக்சசினை, சளி, இருமல், நீர்க்கடுப்பு என்று போனால் மருந்துச் சீட்டே கேட்காமல் மூன்று நாளைக்கு எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தரும் கடையை என் தெருமுனையிலேயே காட்ட முடியும். காசநோய் என்று தெரியாமலேயே அதை விழுங்கும் ஒருவருடைய நெஞ்சில் 1948இன் பரிசோதனை மறுபடி நடக்கிறது. தேசியக் கணக்கெடுப்பில் பன்மருந்து எதிர்ப்பு உடையவர்களில் 21.82 சதவீதத்தினரின் கிருமிகள் இவ்வகை மருந்துகளையும் எதிர்த்தன. அதற்கும் மாத்திரையைப் பாதியில் விட்ட நோயாளிதான் காரணமா?

மாத்திரையை விடுகிறவர்கள் இல்லை என்று நான் வாதாடவில்லை. இருக்கிறார்கள். வாந்தி தாங்காமலும், குடியாலும், வேலை தேடி ஊர் மாறியதாலும், இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிட்டது என்ற எண்ணத்தாலும் விடுகிறார்கள். விட்டால் ஆபத்து என்பதைத் தங்கள் நாளிதழ் எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் 2024 மார்ச்சில், காசநோய் மருந்துகளை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மாத்திரை கிடைக்காமல் விட்டவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டம், நோயாளி வந்த அன்றே எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகியவற்றைப் பார்த்து ஆபத்தானவர்களைப் பிரித்தெடுக்கிறது. அந்த முதல் நாள் அக்கறையோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். நோயாளியின் கையில் தரும் சீட்டில் நான்கு மருந்துகளின் பெயரையும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘கட்டுப்படும்’, ‘கட்டுப்படாது’, ‘சோதிக்கப்படவில்லை’ என்ற மூன்றில் ஒன்றைக் குறித்துத் தர வேண்டும். ‘சோதிக்கப்படவில்லை’ என்ற சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், அதைச் சோதிக்கச் சொல்லி நோயாளியே கேட்பார். மலைக்கிராமங்களிலிருந்து மாதிரி கொண்டுவரும் பொறுப்பை நோயாளியிடம் விடாமல், ஐஸ் பெட்டியோடு வாரத்தில் குறித்த நாளில் ஒரு வண்டி மேலேறி இறங்கினால் போதும். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாதவர்கள் அனைவரின் கிருமியும், பிறரில் ஒரு பகுதியினரின் கிருமியும் முழு மரபணு வாசிப்புக்குப் போய், ஆள் பெயர் இல்லாமல் மாவட்டவாரியாக முடிவு வெளியாக வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2022இல் நாடளாவிய காசநோய் மரபணுக் கண்காணிப்பைத் தொடங்கியிருப்பதால், சேலத்து மாதிரிகள் சேர ஓர் இடமும் இருக்கிறது.

தங்களிடம் கேட்பது சிறியது. நோயாளிகள் பாதியில் நிறுத்துவதால்தான் என்று முடிந்த அந்த வாக்கியத்துக்கு, நான்கு வரியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். எதிர்ப்புக் கிருமி பிறரிடமிருந்தும் தொற்றும் என்ற ஒன்றை மட்டும் சொன்னாலே போதும். அந்தப் பெண் இப்போது நலமாக இருக்கிறார். இடது காதில் இரைச்சல் இன்னும் போகவில்லை. திருத்தம் வரும் நாளின் தாளை, இம்முறை நானே காலைப் பேருந்தில் மலைக்கு எடுத்துச் செல்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கோரிமேடு, சேலம்.